லினக்ஸ் நிர்வாகத்தில் சிக்கினால் சக பயனர்களிடம் உதவி கேட்பது எப்படி: டெபியன், உபுண்டு புதியவர்களுக்கு

டெபியனையோ உபுண்டுவையோ காசு கொடுத்து ஆதரவு வாங்காமல் பயன்படுத்துகிறீர்கள் என்றால், சிக்கல் வரும்போது கைகொடுக்கப் போவது உங்களைப் போன்ற மற்ற பயனர்கள்தான். அவர்களுக்குச் சம்பளம் இல்லை. உங்கள் கணினி அவர்கள் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் எழுதி அனுப்பியதில் என்ன இருக்கிறதோ அது மட்டும்தான் அவர்களுக்குத் தெரியும். "சர்வர் ஓடவில்லை, அவசரம், யாராவது உதவுங்கள்" என்று மொட்டையாகக் கேட்டால் பத்துப் பேர் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். பதில் தெரியாததால் அல்ல, பதில் சொல்லத் தேவையான எதுவும் அதில் இல்லாததால். பதில் கிடைப்பதற்கான வேலையில் பெரும்பகுதி கேள்வியை அனுப்புவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்பாகவே கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலத்தில், வேறு குறிப்பு இல்லாவிட்டால் எல்லாம் சிறிய எழுத்தில், தட்டிக்கொள்ளுங்கள். குழப்பம் வராமல் இருக்க ஓரெழுத்துச் சுருக்கங்களைக் கூடியவரை தவிர்த்து, இரண்டு கோடு போட்ட நீண்ட வடிவங்களையே பயன்படுத்தியிருக்கிறோம்.

முதலில், என்ன ஓடுகிறது?

கேட் /ஈடிசி/ஓஎஸ்-ரிலீஸ்
யூநேம் -ஏ

இந்த இரண்டின் வெளியீடும் எந்தக் கேள்வியிலும் இருக்க வேண்டும். "லேட்டஸ்ட் டெபியன்" என்று எழுதாதீர்கள். டெபியன் 12 புக்வார்ம் 2023 ஜூனில் வந்தது, 13 ட்ரிக்ஸி 2025 ஆகஸ்டில் வந்தது. இன்று லேட்டஸ்ட்டாக இருப்பது அடுத்த வருடம் உங்கள் கேள்வியைத் தேடிப் படிப்பவருக்கு லேட்டஸ்ட் அல்ல. பதிப்பு எண் வெறும் சடங்கு இல்லை. டெபியன் 12 முதல், பதிவுகளைக் கோப்பில் எழுதிவைக்கும் ஆர்சிஸ்லாக் தொகுப்பு (பேக்கேஜ்) இயல்பாக நிறுவப்படுவதில்லை. அதனால் /வார்/லாக்/சிஸ்லாக் என்ற கோப்பே புதிய நிறுவலில் இருக்காது. பழைய வழிகாட்டியைப் பார்த்து "அந்தக் கோப்பைத் திற" என்று ஒருவர் சொல்வார், "கோப்பே இல்லை, கணினி கெட்டுவிட்டதா?" என்று நீங்கள் கேட்பீர்கள், அரை நாள் அதிலேயே போய்விடும்.

இவற்றிலிருந்து வழிவந்த மின்ட், காளி, எம்எக்ஸ் போன்ற இயங்குதளங்களை வைத்துக்கொண்டு "டெபியன்தான், உபுண்டுதான்" என்று சொல்வது இன்னொரு வழக்கமான கோளாறு. அடித்தளம் ஒன்றாக இருந்தாலும் தொகுப்புகளும் இயல்பமைப்புகளும் மாறுபடும். டெபியனின் உதவிக் களங்களில் காளி கேள்விகளை ஏற்பதில்லை. ஆஸ்க் உபுண்டு தளத்தில் உபுண்டுவும் குபுண்டு, சுபுண்டு போன்ற அதிகாரபூர்வ வகைகளும் மட்டுமே அனுமதி. மின்ட் கேள்வி கேட்டால் மூடிவிடுவார்கள். எதை மறைத்தாலும் நீங்கள் ஒட்டும் முதல் வெளியீடே காட்டிக்கொடுத்துவிடும்.

கணினி எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லுங்கள்: நேரடியாக லேப்டாப்பிலா, விர்ச்சுவல்பாக்ஸுக்குள்ளா, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லிலா, வாடகை மெய்நிகர் சர்வரான விபிஎஸ்ஸிலா, டாக்கர் கன்டெய்னருக்குள்ளா? சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி, கன்டெய்னருக்குள் வழக்கமாக ஓடுவதில்லை; சிஸ்டம்சிடிஎல் அதன் கட்டளைதான். இது தெரியாமல் "சிஸ்டம்சிடிஎல் வேலை செய்யவில்லை" என்ற கேள்விக்குப் பதில் சொல்வது கண்ணைக் கட்டிக்கொண்டு அம்மி மிதிப்பது மாதிரி.

டெபியனுக்குப் புதியவர்கள் மட்டும் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நிறுவும்போது ரூட் (முழு அதிகாரம் உள்ள நிர்வாகி) கடவுச்சொல் கொடுத்திருந்தால், நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்ட அனுமதிக்கும் சூடோ குழுவில் டெபியன் உங்கள் பயனரைச் சேர்க்காது. உபுண்டு வழிகாட்டியைப் பார்த்து சூடோ என்று அடித்தால் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்ற செய்தி வரும், அல்லது சூடோ என்ற கட்டளையே இருக்காது. அப்போது "எஸ்யூ" என்று மட்டும் அடிக்காமல், ஓர் இடைவெளி விட்டு ஒரு கோடும் சேர்த்து "எஸ்யூ -" என்று அடியுங்கள். கோடு இல்லாமல் ரூட்டாக மாறினால் பழைய பயனரின் பாத் (கட்டளைகளைத் தேடும் அடைவுகளின் பட்டியல்) அப்படியே தொடரும். அதில் எஸ்பின் அடைவு இல்லாததால் யூசர்மோட் போன்ற கட்டளைகள் இருந்தும் "கமாண்ட் நாட் ஃபவுண்ட்" என்றுதான் வரும். இந்தக் கேள்வி வாரம் தவறாமல் எங்காவது கேட்கப்படுகிறது.

தடயம் சேகரிப்பது

இங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஒரு சேவை எழவில்லை என்றால் எல்லோரும் முதலில் ஓட்டுவது சிஸ்டம்சிடிஎல் ஸ்டேட்டஸ். அது கடைசி 10 பதிவு வரிகளை மட்டும் காட்டும், நீளமான வரிகளைத் திரையின் அகலத்துக்கு வெட்டியும் விடும். உண்மையான காரணம் பலமுறை வெட்டுப்பட்ட பாதியிலோ பதினோராவது வரியிலோ கிடக்கும். ஆகவே பதிவை முழுதாக எடுங்கள்:

சூடோ ஜர்னல்சிடிஎல் --பூட் --யூனிட்=எஞ்சின்எக்ஸ் --நோ-பேஜர்

எஞ்சின்எக்ஸ் என்ற வெப்சர்வர் இங்கே எடுத்துக்காட்டுக்குத்தான், அந்த இடத்தில் உங்கள் சேவையின் பெயரைப் போடுங்கள். பூட் என்பது இந்த முறை கணினி எழுந்ததிலிருந்து என்று பொருள். கணினி உறைந்து, மறுதொடக்கம் செய்த பிறகு பார்க்கிறீர்கள் என்றால் --பூட்=-1 போடுங்கள். அது முந்தைய ஓட்டத்தின் பதிவு. பலர் உறைந்துபோன ஓட்டத்தை விட்டுவிட்டு நன்றாக எழுந்த ஓட்டத்தின் பதிவை அனுப்பிவிடுவார்கள், அதில் தப்பு எதுவும் இருக்காது. சூடோ இல்லாமல் ஓட்டினாலும் சிக்கல்தான். ஏடிஎம் (அட்மின் என்பதன் முதல் மூன்று எழுத்து, பணம் எடுக்கும் ஏடிஎம் அல்ல) அல்லது சிஸ்டம்டி-ஜர்னல் குழுவில் இல்லாத பயனருக்கு அமைப்பின் பதிவுகள் தெரியாது, தன் சொந்தப் பதிவுகள் மட்டுமே தெரியும். "பதிவில் ஒன்றுமே இல்லை" என்று சொல்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் காரணம்.

ஜர்னல்சிடிஎல்லுக்கு எக்ஸ் என்ற விருப்பம் ஒன்று உண்டு. பல வழிகாட்டிகள் அதைச் சேர்த்து ஓட்டச் சொல்கின்றன. அது ஒவ்வொரு செய்திக்கும் கீழே பொதுவான விளக்கவுரையைச் சேர்க்கும். நீங்கள் தனியாகப் படிக்க உதவும், பிறருக்கு அனுப்பும்போது குப்பை. பிழை அறிக்கைகளில் அதைச் சேர்க்க வேண்டாம் என்று அதன் கையேட்டுப் பக்கமே சொல்கிறது.

அடுத்து, கடைசி வரியை நம்பாதீர்கள். தொகுப்புகளை நிறுவும் ஏபிடி தோற்றால் கடைசியில், அது உள்ளே பயன்படுத்தும் டிபிகேஜி பிழைக் குறியீடு 1 திருப்பியது என்று ஒரு வரி வரும். புதியவர்கள் அந்த ஒரு வரியை மட்டும் நகலெடுத்துக் கேட்பார்கள். "ஏதோ ஒன்று தோற்றது" என்பதைத் தாண்டி அந்த வரிக்குப் பொருள் இல்லை. எது, ஏன் என்பது அதற்கு 10, 20 வரி மேலே இருக்கும். மேலே போய் முதலில் தோன்றிய பிழையைத் தேடுங்கள். பின்னால் வருபவை அதன் விளைவுகள். அனுப்பும்போது கட்டளையை அடித்த வரியிலிருந்து கடைசி வரி வரை முழுதாக அனுப்புங்கள்.

கோப்பில் சேமிக்கும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. வெறும் > குறி போட்டால் வழக்கமான வெளியீடு மட்டும் கோப்புக்குப் போகும். பிழைச் செய்திகள் திரையிலேயே நின்றுவிடும். உதவ வந்தவருக்குக் காலிக் கோப்பு போய்ச் சேரும். இரண்டையும் சேர்த்துப் பிடிக்க:

சூடோ ஏபிடி அப்டேட் 2>&1 | டீ வெளியீடு.டிஎக்ஸ்டி

உங்கள் கணினித் திரை தமிழிலோ வேறு மொழியிலோ இருந்தால், கட்டளைக்கு முன்னால் "எல்சி_ஆல்=சி" சேர்த்து ஓட்டுங்கள். இதில் எல்லா எழுத்துகளும் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் செய்திகள் ஆங்கிலத்தில் வரும். தமிழில் வந்த பிழைச் செய்தியைத் தேடினால் இணையத்தில் ஒன்றும் கிடைக்காது, அதே செய்தியின் ஆங்கில மூலத்தைத் தேடினால் நூறு பேர் கேட்டது கிடைக்கும். சூடோவுடன் ஓட்டினால் இது சூடோவுக்குப் பின்னால், கட்டளைக்கு முன்னால் வர வேண்டும்.

"நான் ஒன்றுமே மாற்றவில்லை, தானாக நின்றுவிட்டது." எல்லோரும் சொல்வது இதைத்தான், பொய்யாகச் சொல்வதில்லை, நினைவில் இருப்பதில்லை. ஞாபகத்தை நம்பாமல் இந்தக் கோப்பைப் பாருங்கள்:

/வார்/லாக்/ஏபிடி/ஹிஸ்டரி.லாக்

எந்தத் தேதியில், எந்தக் கட்டளையால், எந்தத் தொகுப்பு வந்தது, எது புதுப்பிக்கப்பட்டது, எது நீக்கப்பட்டது என்று எல்லாம் இருக்கும். நீங்கள் கேட்காமலே துணையாக வந்த தொகுப்புகளுக்குப் பக்கத்தில் ஆட்டோமேட்டிக் என்று போட்டிருக்கும். உபுண்டுவில் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாகவே நிறுவப்படுவதால், நீங்கள் கை வைக்காத நாளிலும் பதிவு இருக்கலாம்.

சிக்கலுக்கு ஏற்ப வேறு சிலவும் தேவைப்படும். வைஃபை, ஒலி, கிராஃபிக்ஸ் என்றால் எல்எஸ்பிசிஐ -என்என்கே. இது சில்லின் அடையாள எண்ணையும், அதற்கு எந்த டிரைவர் இணைந்திருக்கிறது என்பதையும் காட்டும். லேப்டாப் மாடல் பெயர் மட்டும் போதாது. ஒரே மாடலில் வெவ்வேறு வைஃபை சில்லுகள் வருவது சகஜம். யூஎஸ்பி வைஃபை என்றால் எல்எஸ்யூஎஸ்பி. கர்னல் பதிவில் ஃபர்ம்வேரை ஏற்ற முடியவில்லை என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். டெபியன் 12 முதல் அதிகாரபூர்வ நிறுவல் கோப்பிலேயே கட்டற்றதல்லாத ஃபர்ம்வேர்களும் சேர்ந்து வருகின்றன. அதற்கு முந்தைய பதிப்புகளுக்கான வைஃபை அறிவுரைகளை அப்படியே பின்பற்ற வேண்டாம்.

வட்டு நிரம்பிவிட்டது என்றால் டிஎஃப் -எச் மட்டும் அனுப்பாமல் டிஎஃப் --ஐநோட்ஸ் வெளியீட்டையும் சேர்த்து அனுப்புங்கள். இடம் இருந்தும் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்துபோனால் அதே "இடமில்லை" பிழைதான் வரும். லட்சக்கணக்கில் குட்டிக் கோப்புகள் சேரும் அஞ்சல் சர்வர்களிலும் பிஎச்பி செஷன் அடைவுகளிலும் இது நடக்கும். டிஎஃப் நிரம்பியது என்கிறது, டியூ கூட்டிப் பார்த்தால் பாதிதான் வருகிறது என்றால், அழித்த கோப்பு ஒன்றை ஏதோ ஒரு நிரல் இன்னும் திறந்து வைத்திருக்க வாய்ப்பு அதிகம். சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1 ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும் (நடுவில் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து). அந்தச் சேவையை மறுதொடக்கம் செய்தால் இடம் திரும்பி வரும், கேள்வியே தேவைப்படாது.

மறைக்க வேண்டியவை

பொதுவில் போட்டது பொதுவில் இருக்கும். டெபியன் மின்னஞ்சல் குழுக்களின் ஆவணம் இணையத்தில் திறந்தே கிடக்கிறது, போட்ட மடலை நீக்கித் தரச் சொன்னால் பொதுவாக நீக்க மாட்டார்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை கண்ணால் படியுங்கள்: கடவுச்சொற்கள், ஏபிஐ டோக்கன்கள், தரவுத்தள இணைப்பு வரிகள், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச்சின் தனிச்சாவி, சர்வரின் பொது ஐபி. நெட்வொர்க்மேனேஜரின் சிஸ்டம்-கனெக்‌ஷன்ஸ் அடைவில் உள்ள கோப்புகளில் வைஃபை கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே இருக்கும். அவற்றைக் கேட் செய்து ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். வன்பொருள் விவரம் கேட்டால் "இன்க்ஸி --ஃபுல் --ஃபில்டர்" ஓட்டுங்கள். ஐபி, மேக் முகவரி, வரிசை எண் எல்லாவற்றையும் அதுவே மறைத்துவிடும்.

மறைப்பதிலும் ஒரு முறை உண்டு. எல்லா ஐபியையும் எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று அடித்துவிட்டால் எது எதனுடன் பேசுகிறது என்று யாருக்கும் புரியாது. 192.168 என்று தொடங்கும் உள்வலை முகவரிகளை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. வெளி முகவரிகளுக்குப் பதிலாக, எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட 203.0.113.1, 203.0.113.2 போன்றவற்றை ஒரே சீராக மாற்றி எழுதுங்கள். தவறுதலாகக் கடவுச்சொல் வெளியே போய்விட்டால், பதிவை அழிப்பதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

ஒட்டும் இடத்தில் ஆகும் சேதம்

திரையை மொபைலில் படம் பிடித்து அனுப்புவது கணினி எழாமலே நிற்கும்போது மட்டும் சரி. மற்ற நேரங்களில் எழுத்தாகத்தான் கொடுக்க வேண்டும். படத்தில் உள்ள பிழையைத் தேட முடியாது, நகலெடுக்க முடியாது. டெர்மினலில் நகலெடுக்க கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு சி. ஷிஃப்ட் இல்லாமல் அழுத்தினால் ஓடிக்கொண்டிருக்கும் கட்டளை நின்றுவிடும்.

வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் கேட்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு இடையில் வருவதை வாட்ஸ்அப் தடித்த எழுத்தாக்கி, நட்சத்திரங்களை விழுங்கிவிடும். அடிக்கோட்டுக்கும் அலைக்குறிக்கும் இதே கதிதான். டெலிகிராமின் கணினிச் செயலி இரட்டைக் கோட்டை ஒற்றை நீளக்கோடாக மாற்றிவிடும். அங்கிருந்து நகலெடுத்து ஓட்டினால் கட்டளை பிழை தரும், காரணம் கண்ணுக்கே தெரியாது. கட்டளைக்கு முன்னும் பின்னும் மூன்று பேக்டிக் குறி போட்டால் எழுத்து மாறாமல் போகும். விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் இருக்கும் சாய்ந்த மேற்கோள்தான் அது.

ஐஆர்சி என்ற உரை அரட்டை வலையில் நாலைந்து வரிக்கு மேல் ஒட்டினால் வெள்ளம் என்று கருதி வெளியே தள்ளிவிடுவார்கள். நீளமான பதிவைப் பேஸ்ட் தளத்தில் போட்டு இணைப்பை மட்டும் கொடுங்கள். உலாவி இல்லாத சர்வரில் பேஸ்ட்பின்இட் என்ற சிறு நிரலை நிறுவிக்கொண்டால், கோப்பின் பெயரைக் கொடுத்ததும் அது பதிவேற்றி இணைப்பைத் திருப்பித் தரும். இணைப்புகள் காலாவதியாகும் என்பதால், பல மாதம் கழித்தும் படிக்கப்படும் இடங்களில் முக்கியமான வரிகளைக் கேள்விக்குள்ளேயே வையுங்கள்.

ஒரு கேள்வி, இரண்டு விதமாக

மோசமான வடிவம்: "எஞ்சின்எக்ஸ் ஓடவில்லை. கான்ஃபிக் சரியாகத்தான் இருக்கிறது. ரீஇன்ஸ்டால் செய்தும் பார்த்தாயிற்று. என்ன செய்வது சார்?"

நல்ல வடிவம்:

"தலைப்பு: உபுண்டு 24.04, மறுதொடக்கத்துக்குப் பின் எஞ்சின்எக்ஸ் எழவில்லை, போர்ட் 80 ஏற்கெனவே பயன்பாட்டில்.

விபிஎஸ், உபுண்டு 24.04 சர்வர், உபுண்டுவின் சொந்தக் களஞ்சியத்திலிருந்து நிறுவிய எஞ்சின்எக்ஸ் 1.24.0. நேற்று வரை தளம் ஓடியது. இன்று காலை மறுதொடக்கம் செய்தேன், அதன் பிறகு எஞ்சின்எக்ஸ் எழவில்லை. என் தளத்துக்குப் பதில் அப்பாச்சியின் இயல்புப் பக்கம் தெரிகிறது. பதிவில் வருவது: பைண்ட்() டு 0.0.0.0:80 ஃபெயில்ட் (98: அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ்). எஞ்சின்எக்ஸ் -டி சோதனை வெற்றி என்கிறது. நேற்று மாலை ஏபிடி இன்ஸ்டால் பிஎச்பி செய்திருந்தேன், ஹிஸ்டரி.லாக் பகுதியைக் கீழே ஒட்டியிருக்கிறேன். எனக்கு வேண்டியது எஞ்சின்எக்ஸும் பிஎச்பியும் சேர்ந்து ஓடுவது. அப்பாச்சியை நான் நிறுவவில்லை, அது எங்கிருந்து வந்தது?"

இரண்டாவதற்குப் பதில் ஐந்து நிமிடத்தில் வந்துவிடும். டெபியனிலும் உபுண்டுவிலும் பிஎச்பி என்ற தொகுப்பை மட்டும் கேட்டால், அதன் முதல் விருப்பத் துணையாக, அப்பாச்சி என்ற இன்னொரு வெப்சர்வருக்கான பிஎச்பி மாட்யூலும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு அப்பாச்சி2 தொகுப்பும் உள்ளே வரும். வெப்சர்வர்கள் காத்திருக்கும் போர்ட் 80-ஐ நேற்று எஞ்சின்எக்ஸ் பிடித்திருந்ததால் அப்பாச்சி அமைதியாகத் தோற்றிருக்கும். மறுதொடக்கத்தில் அப்பாச்சி முந்திக்கொண்டது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று உறுதி செய்ய:

சூடோ எஸ்எஸ் --லிசனிங் --டிசிபி --நியூமரிக் --பிராசஸஸ்

சூடோ இல்லாவிட்டால் பிறர் ஓட்டும் நிரலின் பெயர் தெரியாது. தீர்வு, எஞ்சின்எக்ஸுடன் சேர்ந்து ஓடும் பிஎச்பி-எஃப்பிஎம் தொகுப்பை நிறுவி, அப்பாச்சி2 சேவையை சிஸ்டம்சிடிஎல் டிசேபிள் --நவ் மூலம் நிறுத்தி, எஞ்சின்எக்ஸைத் தொடங்குவது.

முதல் வடிவத்தில் "கான்ஃபிக் சரியாக இருக்கிறது" என்று எழுதியவர் பொய் சொல்லவில்லை. எஞ்சின்எக்ஸ் -டி அமைவுக் கோப்பைச் சோதிக்கும், போர்ட் வேறு யார் கையிலாவது இருக்கிறதா என்பதைப் பொருட்படுத்தாது. அவர் விட்டுவிட்டது பிஎச்பி நிறுவியதை. தனக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றியதால் சொல்லவில்லை. எது சம்பந்தம், எது சம்பந்தமில்லை என்று கேட்பவரே முடிவு கட்டும்போதுதான் பெரும்பாலான கேள்விகள் இழுபறியாகின்றன. உங்கள் ஊகத்தைத் தாராளமாகச் சொல்லுங்கள், ஆனால் கண்டதை முதலில், நினைத்ததைப் பின்னால், ஊகம் என்று தெரியும்படி.

இறுதி நோக்கத்தையும் சொல்லிவிடுங்கள். "/வார் அடைவு முழுவதற்கும் 777 அனுமதி கொடுப்பது எப்படி?" (777 என்றால் யாரும் எதையும் மாற்றலாம்) என்று கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது ஒரே ஓர் அடைவில் வெப்சர்வர் எழுத முடிவதாக இருக்கும். கேட்டதற்கு நேர்பதில் கிடைத்தால் கணினிதான் பாழாகும்.

எங்கே கேட்பது

கேட்பதற்கு முன் பிழைச் செய்தியிலிருந்து உங்கள் பயனர்பெயர், கோப்புப் பாதை, தேதி ஆகியவற்றை நீக்கிவிட்டு, மீதியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்துத் தேடுங்கள். டெபியன் தொகுப்பு ஒவ்வொன்றுக்கும் /யூஎஸ்ஆர்/ஷேர்/டாக் அடைவில் ஒரு துணை அடைவு இருக்கும். அதில் ரீட்மீ.டெபியன் (ரீட்மீ முழுவதும், டெபியனின் முதல் எழுத்து ஆகியவை பெரிய எழுத்து) என்ற கோப்பு இருந்தால் டெபியனில் மட்டும் மாறுபட்ட அமைவுகள் அங்கே எழுதப்பட்டிருக்கும். புதியவர்கள் கிட்டத்தட்ட யாரும் அதைத் திறப்பதில்லை. ஆர்ச் என்ற வேறொரு லினக்ஸின் விக்கி டெபியன்காரர்களுக்கும் நல்ல பாடநூல்தான். தொகுப்புப் பெயர்களும் கோப்பு இடங்களும் மாறும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

டெபியனுக்கு: டெபியன்-யூசர் மின்னஞ்சல் குழு, ஓஎஃப்டிசி ஐஆர்சி வலையில் #டெபியன் தடம். உபுண்டுவுக்கு: ஆஸ்க் உபுண்டு, உபுண்டு டிஸ்கோர்ஸ், லிபெரா.சாட் வலையில் #உபுண்டு தடம். பழைய கட்டுரைகளில் ஃப்ரீநோட் என்று இருந்தால் அங்கே போகாதீர்கள். 2021 மே மாதத்தில் அதன் நிர்வாகிகள் விலகி லிபெரா.சாட்டைத் தொடங்க, திட்டங்கள் பெரும்பாலும் அங்கிருந்து கிளம்பிவிட்டன. வேறு வழிவந்த இயங்குதளங்களுக்கும் பொதுக் கேள்விகளுக்கும் யூனிக்ஸ் & லினக்ஸ் ஸ்டாக்எக்ஸ்சேஞ்ச். சர்வர் ஃபால்ட் தொழில்முறை நிர்வாகிகளுக்கானது, வீட்டு லேப்டாப் வைஃபையை அங்கே கொண்டுபோக வேண்டாம்.

தமிழில் கேட்க வேண்டும் என்றால் இந்திய லினக்ஸ் பயனர் குழு சென்னை, காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு, விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவை இருக்கின்றன. நேரில் சந்திப்பு கிடைத்தால் லேப்டாப்பையே கொண்டுபோகலாம், நிறுவல் சிக்கல்களுக்கு அதுவே சுருக்கு வழி. ஆங்கிலக் களங்களில் இலக்கணம் யாருக்கும் பொருட்டில்லை, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் போதும். மொழிபெயர்ப்புக் கருவியில் போடுவதானால் கட்டளையையும் பதிவையும் தனியே எடுத்து வைத்துவிட்டு, விளக்கத்தை மட்டும் மொழிபெயருங்கள். இல்லாவிட்டால் கோடுகளும் மேற்கோள்களும் உருமாறிப் போகும்.

ஐஆர்சிக்குள் நுழைந்ததும் "ஹாய், ஒரு சந்தேகம் கேட்கலாமா?" என்று அனுமதி கேட்டுக் காத்திருக்காதீர்கள். நேரே கேள்வியைப் போடுங்கள். சார், மேடம் தேவையில்லை, அங்கே எல்லோரும் புனைபெயர்தான். போட்டுவிட்டு இரண்டு நிமிடத்தில் வெளியேறிவிட்டால் பதில் வரும்போது நீங்கள் இருக்க மாட்டீர்கள். இந்திய நேரம் இரவு 10 மணி என்பது யூடிசி 16:30, ஐரோப்பாவில் வேலை முடியும் நேரம், அமெரிக்கக் கிழக்குக் கரையில் நண்பகலை ஒட்டிய நேரம். காலை 10 மணிக்குக் கேட்டால் பாதி உலகம் உறங்கிக்கொண்டிருக்கும். ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் நாலு இடத்தில் போடாதீர்கள். ஓரிடத்தில் ஒரு நாள் பொறுத்து, அடுத்த இடத்தில் போடும்போது முந்தையதன் இணைப்பையும் கொடுங்கள்.

மின்னஞ்சல் குழுவில் எச்டிஎம்எல் வேண்டாம், வெறும் எழுத்தாக அனுப்புங்கள். பதிலளிக்கும்போது முந்தைய மடலில் தேவையான வரிகளை மட்டும் வைத்து, அவற்றுக்குக் கீழே எழுதுங்கள். பதிலைக் குழுவுக்கே அனுப்புங்கள், உதவியவரின் தனி முகவரிக்கு அல்ல.

பதில் வந்த பிறகு

முன்பின் தெரியாதவர் கொடுத்த கட்டளையைப் புரியாமல் ஓட்டக் கூடாது. அந்தக் கட்டளையின் கையேடான மேன் பக்கத்தைத் திறந்து, கொடுத்த ஒவ்வொரு விருப்பமும் என்ன செய்யும் என்று பாருங்கள். ஏஐ கருவிகள் தரும் விடைக்கு இது இன்னும் பொருந்தும், இல்லாத விருப்பங்களை அவை இருப்பதுபோலவே எழுதும். வட்டை அப்படியே நகலெடுக்கும் டிடி கட்டளையில் ஓஎஃப்= என்பதற்குப் பின் வருவது அழிக்கப்படப் போகும் வட்டு. எல்எஸ்பிஎல்கே ஓட்டி எது எது என்று உறுதி செய்யாமல் கை வைக்காதீர்கள். சிஎச்மாட் 777-ஐ வேர் அடைவிலிருந்து ஓட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அனுமதிகள் மாறிப்போனதால் சூடோ இயங்க மறுக்கும், எஸ்எஸ்எச் சாவிகளையும் ஏற்காது, பழைய அனுமதிகளை மீட்க ஒற்றைக் கட்டளை கிடையாது. ஏபிடி பூட்டுக் கோப்பு சிக்கலில் "அந்தக் கோப்பை அழித்துவிடு" என்பதும் அப்படித்தான். பிழைச் செய்தியிலேயே எந்த நிரல் பூட்டியிருக்கிறது என்று இருக்கும். அது அன்அட்டெண்டட்-அப்கிரேட் என்றால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும், தானாக விலகிவிடும். தனிப்பட்டவர்கள் உபுண்டுவுக்கென்று வெளியிடும் பிபிஏ களஞ்சியங்களை டெபியனில் சேர்க்கச் சொல்லும் பதிலையும் ஒதுக்குங்கள். அன்று ஓடும், அடுத்த பதிப்பு மேம்படுத்தலில் தொகுப்புச் சார்புகள் சிக்கிக்கொள்ளும்.

எந்தக் கோப்பைத் திருத்துவதற்கு முன்பும் சிபி -ஏ கொண்டு ஒரு நகல் எடுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்று பேர் சொன்ன மூன்றையும் சேர்த்துச் செய்துவிட்டால் எது சரிசெய்தது, எது புதிதாகக் கெடுத்தது என்று தெரியாது. தொலைதூர சர்வரில் எஸ்எஸ்எச் அமைவை மாற்றும்போது இப்போதுள்ள இணைப்பை மூடாமல் வைத்து, சூடோ எஸ்எஸ்எச்டி -டி மூலம் கோப்பைச் சோதித்து, சேவையை மறுதொடக்கம் செய்து, வேறொரு டெர்மினலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே பழையதை விடுங்கள். யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்குவதற்கு முன் எஸ்எஸ்எச்சை அனுமதித்துவிடுங்கள். மறந்தால் வாடகை நிறுவனத்தின் இணையக் கன்சோல் வழியாகத்தான் திரும்ப உள்ளே போக முடியும்.

"உங்கள் சர்வரின் கடவுச்சொல்லைக் கொடுங்கள், நானே பார்த்துத் தருகிறேன்" என்று தனிச்செய்தியில் வருபவர்களை நம்பாதீர்கள். உண்மையில் உதவுபவர்கள் பொதுவிலேயே பேசுவார்கள், தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் அங்கேயே திருத்துவார்கள்.

கூடுதல் விவரம் கேட்டால், கேட்ட எல்லாவற்றுக்கும் பதில் சொல்லுங்கள். நான்கு கேட்டு ஒன்றுக்கு மட்டும் பதில் வந்தால் உதவுபவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். சொன்னது பலிக்கவில்லை என்றால் "வேலை செய்யவில்லை" என்று நிறுத்தாமல் புதிதாக என்ன வந்தது என்று ஒட்டுங்கள். "மேனைப் படி" என்று ஒற்றை வரியில் வெடுக்கென்று பதில் வந்தால் சண்டைக்குப் போக வேண்டாம். அந்தப் பக்கத்தின் எந்தப் பகுதி என்று கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள்.

தீர்ந்ததும், எந்த மாற்றத்தால் தீர்ந்தது என்று கட்டளையோடு அதே இழையில் எழுதி, தலைப்பில் தீர்ந்தது என்று குறியுங்கள். ஆஸ்க் உபுண்டுவில் சரியான பதிலின் பக்கத்திலுள்ள டிக் குறியை அழுத்துங்கள். பேசிப் பார்த்ததில் உங்கள் தவறல்ல, தொகுப்பிலேயே கோளாறு என்று தெரிந்தால் டெபியனில் ரிப்போர்ட்பக், உபுண்டுவில் உபுண்டு-பக் என்ற கட்டளையுடன் தொகுப்பின் பெயரைக் கொடுங்கள். பதிப்பு எண்களையும் சார்புகளையும் அவையே சேர்த்துக்கொள்ளும். ரிப்போர்ட்பக், அதே தொகுப்பின் மேல் ஏற்கெனவே உள்ள அறிக்கைகளைப் பட்டியலிட்டுக் காட்டும். உங்களுடையது அதில் இருந்தால் புதிதாகத் தொடங்காமல், சேகரித்த பதிவை அதன் கீழேயே சேருங்கள்.